மோட்டர்ஹோம் இன்ஜினைக் கண்காணிக்க முள் மீட்டரா, டிஜிட்டலா? ஒரு முழுமையான வழிகாட்டி

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலை. லாத்தா இஸ்கந்தர் நீர்வீழ்ச்சிக்கு இன்னும் சில வளைவுகள் இருந்தன. மச்சானின் மோட்டர்ஹோமில் வெப்ப முள் நட்டநடுவில் ஆணி அடித்தாற்போல நின்றது. என் மடியில் இருந்த கைபேசி, இன்ஜின் கணினியிலிருந்து எண்ணை வாங்கி, 97 டிகிரி என்றது. அடுத்த வளைவில் 99. ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர்ந்தபோது 103. முள் அசையவில்லை.

“மீட்டர் நடுவுலதானே நிக்குது மாப்ள, உங்க போன்தான் சும்மா பயம் காட்டுது” என்றார் மச்சான்.

நீர்வீழ்ச்சிக் கடைகளின் ஓரமாக நிறுத்தியபோது எண் 106. முள் அப்போதும் நடுவில்தான். அன்று இன்ஜின் தப்பியது. ரேடியேட்டர் விசிறியின் கிளட்ச் பிடிக்காமல் வழுக்கியது என்பது பிறகு தெரிந்தது. சூடான இன்ஜினை அணைத்துவிட்டுக் கையால் விசிறியைச் சுழற்றினால் கெட்டியாக இருக்க வேண்டும். இதுவோ பொம்மைக் காற்றாடி மாதிரி சுற்றியது.

வண்டி ஜொகூரின் ஸ்கூடாயில் மச்சான் வீட்டு வாசலில் நிற்கிறது, பதிவும் அவர் பெயரில்தான். சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக் பக்கத்துப் பல மாடிக் கார்நிறுத்தத்தின் உயரத் தடைக்கே அது இடிக்கும். விடுமுறை வந்தால் கடற்பாலத்தைத் தாண்டிப் போய் ஏறிக்கொள்கிறோம். டீசல் வண்டிகளோடு பல காலம் மல்லுக்கட்டியவன் என்பதால் இன்ஜின் விஷயம் என் பொறுப்பு, சமையல் அவர் பொறுப்பு. அந்தப் பயணத்துக்குப் பிறகு வண்டியில் என்ன மாட்டினோம், ஏன் மாட்டினோம் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: டேஷ்போர்டு முள் எவ்வளவு பொய் சொல்கிறது என்று பாருங்கள்

பழைய வண்டிகளில் முள் நிஜமாகவே வெப்பத்தோடு ஏறி இறங்கும். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டில் இருக்கும் சென்சாரின் மின்தடை சூடு ஏற ஏறக் குறையும், அதற்கேற்ப முள் நகரும். அந்தக் காலத்தில், மேடு ஏறும்போது முள் ஒரு கோடு உயர்ந்தாலே வாடிக்கையாளர் ஒர்க்‌ஷாப்புக்கு ஓடி வருவார். அதனால் பல தயாரிப்பாளர்கள் முள்ளை இன்ஜின் கணினியின் கையில் கொடுத்துவிட்டார்கள். ஏறத்தாழ 75 முதல் 105 டிகிரி வரை எதுவானாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி செய்துவிட்டார்கள். வண்டிக்கு வண்டி இந்த எல்லை மாறும். எங்கள் வண்டியில் 106-லும் நடுவில்தான் நின்றது. இப்படிப்பட்ட முள் நகரத் தொடங்கும்போது உங்களுக்கு மிச்சம் இருப்பது ஓரிரு நிமிடம்.

சிங்கப்பூரர்களுக்கு நன்றாகப் படிக்கத் தெரிந்த முள் ஒன்று உண்டென்றால் அது எரிபொருள் முள்தான். 1991 முதல் முக்கால் டாங்க் இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது என்ற விதி அதைக் கற்றுக்கொடுத்துவிட்டது. அதே கவனத்தில் பாதியை வெப்ப முள்ளுக்குக் கொடுத்திருந்தால் எத்தனையோ சிலிண்டர் ஹெட் பிழைத்திருக்கும் என்று நினைப்பேன். ஆனால் உண்மையைச் சொல்லாத முள்ளை எவ்வளவு உற்றுப் பார்த்து என்ன?

உங்கள் முள் எந்த ரகம் என்று கண்டுபிடிக்க ஒரு ஓபிடி ரீடர் போதும்; வண்டியின் சாக்கெட்டில் செருகினால் இன்ஜின் கணினியின் எண்களைக் கைபேசிக்கு அனுப்பும் சின்னக் கருவி அது. குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பி, எண் 60, 70, 80, 90 ஆகும்போதெல்லாம் முள் எங்கே நிற்கிறது என்று எழுதுங்கள். 75-க்கும் 95-க்கும் இடையே முள் ஒரு மயிரிழைகூட நகரவில்லை என்றால் அதை அலங்காரப் பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: சாக்கெட்டைச் சோதித்த பிறகு ரீடர் வாங்குங்கள்

ஓபிடி-2 என்பது 16 முனைகள் கொண்ட சாக்கெட், பெரும்பாலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும். அமெரிக்காவில் 1996 முதல் கார்களுக்குக் கட்டாயமானது. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-லும் டீசலுக்குச் சில ஆண்டுகள் கழித்தும் வந்தது. நம் பக்கம் ஓடும் பழைய ஜப்பானிய டீசல் வேன்களிலும் லாரிகளிலும் சாக்கெட் அதே வடிவில் இருந்தாலும் உள்ளே பேசும் பாஷை வேறாக இருக்கலாம். அதனால் விலை உயர்ந்த ரீடரை வாங்கும் முன், நண்பரிடம் ஒன்றைக் கடன் வாங்கிச் செருகிப் பாருங்கள். அமெரிக்காவின் பெரிய டீசல் மோட்டர்ஹோம்கள் ஜே1939 என்ற லாரி முறையில் பேசும், அவற்றின் சாக்கெட் வட்டமாக 9 முனைகளோடு இருக்கும். அதற்கு ரீடரே வேறு.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. மல்டிமீட்டரை எடுத்து 16-ஆம் முனைக்கும் 4-ஆம் முனைக்கும் இடையே அளந்து பாருங்கள். 12 வோல்ட் சொச்சம் வந்தால் சரி. லாரி சேசிஸ் மேல் கட்டிய மோட்டர்ஹோம்களில் 24 வோல்ட் இருக்க வாய்ப்பு உண்டு. 12 வோல்ட்டுக்கென்று செய்த மலிவு ரீடரை அதில் செருகினால் புகைதான் வரும். மல்டிமீட்டர் இல்லாதவர்கள் சிம் லிம் டவருக்கு ஒரு நடை போய்வாருங்கள், 30 வெள்ளிக்கு இந்த வேலைக்குப் போதுமானது கிடைக்கும்.

ரீடர்களில் பெரும்பாலானவை ஈஎல்எம்327 என்ற சில்லின் வழிவந்தவை, பல அதன் நகல்கள். அவை ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான் கேட்கும். கணினி பதில் சொன்ன பிறகுதான் அடுத்த கேள்வி. திரையில் பன்னிரண்டு வட்டங்களை அழகாக அடுக்கினால் ஒவ்வொன்றும் தன் முறைக்காக வரிசையில் நிற்கும், பழைய வண்டிகளில் எண் பல வினாடி பழசாகிவிடும். நான்கு போதும்: கூலன்ட் வெப்பம், உள்ளிழுக்கும் காற்றின் வெப்பம், டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) அழுத்தம், வோல்ட். கியர்பெட்டி ஆட்டோமேட்டிக் என்றால் கியர் ஆயில் வெப்பம் ஐந்தாவது. மலையேற்றத்தில் அது 120 டிகிரியைத் தாண்டினால் ஆயில் கெடத் தொடங்கும். ஆனால் அந்த எண்ணைப் பெறத் தயாரிப்பாளரின் தனிக் குறியீடு வேண்டும், எல்லாச் செயலியிலும் வராது.

ரீடரைச் செருகியபடியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். 16-ஆம் முனையில் சாவி இல்லாமலேயே எப்போதும் மின்சாரம் இருக்கும். 40 மில்லி ஆம்பியர் இழுக்கும் ரீடர் ஒரு நாளைக்குச் சுமார் 1 ஆம்பியர்-மணி தின்னும். மூன்று வாரம் கழித்து நாங்கள் ஸ்கூடாய் போய்ச் சேரும்போது 20 ஆம்பியர்-மணி காணாமல் போயிருக்கும். ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியில் ஜம்பர் ஒயர் போட்டுத்தான் கிளம்பினோம். இப்போது ரீடரின் இடம் சாவிக்கொத்தோடு ஒரே ஆணியில்.

படி 3: விடியற்காலைச் சோதனை

ரீடர் காட்டும் எண்ணை ஏன் நம்ப வேண்டும் என்று மச்சான் கேட்டது நியாயமான கேள்வி. பதில் செலவில்லாத ஒன்று. வண்டி இரவு முழுவதும் நின்ற பிறகு, வெயில் ஏறும் முன், சாவியை மட்டும் திருப்புங்கள். இன்ஜினைக் கிளப்ப வேண்டாம்.

கூலன்ட் வெப்பமும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும், வெளிக்காற்றோடும் ஒத்துப்போக வேண்டும். எங்கள் வண்டியில் ஒரு நாள் காலை: கூலன்ட் 27, காற்று 28, வாசலில் தொங்கும் வெப்பமானி 27. சென்சார் இரண்டும் நல்லபடி இருக்கின்றன என்று அர்த்தம். ஒன்று 27, இன்னொன்று 38 என்று வந்தால் அந்த 38-ஐக் காட்டும் சென்சாரைச் சந்தேகியுங்கள். டர்போ அழுத்தத்தின் எண் 100 அல்லது 101 கிலோபாஸ்கல் என்று இருக்கும், கடல் மட்டத்தில் காற்றழுத்தமே அதுதான். தானா ராத்தாவில், 1,400 மீட்டருக்கு மேலே, அதே சோதனை 85-க்கு அருகில் காட்டும். அதைப் பார்த்துச் சென்சார் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம், மலையில் காற்று அவ்வளவுதான். செயலி காட்டுவது மொத்த அழுத்தம் என்பதால் டர்போ எவ்வளவு தள்ளுகிறது என்று அறிய இந்தக் காலை எண்ணைக் கழிக்க வேண்டும்.

கடைசியாக வோல்ட். முழுதாகச் சார்ஜ் ஏறிய ஈய பேட்டரி ஓய்வில் 12.6 அளவில் இருக்கும், இன்ஜின் ஓடும்போது 14-ஐ ஒட்டி வரும். மல்டிமீட்டரில் அளந்து ஒப்பிடுங்கள். செயலியின் எண் அரை வோல்ட் குறைத்துக் காட்டினால் அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

படி 4: உங்கள் வண்டியின் சொந்த எண்களை எழுதுங்கள்

பலர் தாண்டிப் போகும் படி இது, எனக்குப் பிடித்ததும் இதுதான். “95 நல்லதா, கெட்டதா?” என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. தெர்மோஸ்டாட் (கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) 82-இல் திறக்கிறதா 88-இல் திறக்கிறதா, ரேடியேட்டர் எவ்வளவு பெரியது, கூரை மேல் என்னென்ன கட்டியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. அடுத்தவர் வண்டியின் எண்ணை வைத்து உங்கள் வண்டிக்கு வைத்தியம் பார்க்காதீர்கள்.

மச்சான் வீட்டில் பிள்ளை எழுதி மிச்சம் வைத்த ஒரு கணக்கு நோட்டு இருந்தது. அதில் நான்கு நிலைகளை எழுதினோம். நின்றபடி, ஏர்கான் ஓட, பத்து நிமிடம். நெடுஞ்சாலையில் சமதளம், 90 கிலோமீட்டர் வேகம். நீண்ட ஏற்றம். ஏற்றம் முடிந்து ஐந்து நிமிடம் கழித்து. எங்கள் எண்கள், விசிறிக் கிளட்ச் மாற்றிய பிறகு: 89, 87, 95, 88. ஏறியது சீக்கிரம் இறங்குகிறதா என்று காட்டும் அந்த நான்காவது எண்ணை மட்டும் ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். ரேடியேட்டர் உள்ளே அடைத்துக்கொண்டால் முதலில் கெடுவது அதுதான். உச்ச எண் அப்படியே இருக்கும், இறங்கும் நேரம் மட்டும் பயணத்துக்குப் பயணம் நீளும்.

சிங்கப்பூருக்குள் மட்டும் ஓடும் வேனில் இந்த ஏற்ற எண்ணை எடுக்க முடியாது. இங்கே ஏறுவதற்கு மேம்பாலம்தான் இருக்கிறது. காராக் நெடுஞ்சாலையிலோ, ஈப்போ தாண்டி மெனோரா சுரங்கப்பாதைக்கு ஏறும் மேட்டிலோ எடுத்தால் உண்டு.

படி 5: ஆயில் அழுத்தத்துக்கு முள் மீட்டர்

இவ்வளவு சொன்ன பிறகும் எங்கள் வண்டியில் புதிதாக ஒரு முள் மீட்டர் மாட்டினோம். ஓபிடியின் பொதுவான பட்டியலில் இன்ஜின் ஆயில் அழுத்தம் கிடையாது. பல வேன்களில் அழுத்தத்தை அளக்கும் சென்சாரே இல்லை, ஒரு சுவிட்ச் மட்டும்தான். அழுத்தம் ஏறத்தாழ அரை பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அளவு) கீழே விழுந்த பிறகுதான் அது சிவப்பு விளக்கை எரியவிடும். நெடுஞ்சாலை வேகத்தில் அந்த விளக்கு எரிந்தால் பேரிங் ஏற்கெனவே காய்ந்திருக்கும்.

கேட்க எளிதான வேலை. சுவிட்ச்சைக் கழற்றி, அந்த இடத்தில் டி வடிவ இணைப்பு மாட்டி, ஒரு பக்கம் பழைய சுவிட்ச், மறுபக்கம் புதிய சென்டர், அதாவது அழுத்தத்தை அளந்து மீட்டருக்கு அனுப்பும் சென்சார். நான் வழுக்கியது மரையில். ஜப்பானிய இன்ஜின்களில் அந்தத் துளை பெரும்பாலும் பிரிட்டிஷ் வழிவந்த எட்டில் ஒரு இன்ச் கூம்பு மரை, அங்குலத்துக்கு 28 சுற்று. கடையில் வாங்கிய மீட்டரோடு வந்தது அமெரிக்க மரை, அங்குலத்துக்கு 27. ஒரே அளவாகத்தான் கண்ணுக்குத் தெரியும். கையால் இரண்டு சுற்று சுகமாகப் போகும், மூன்றாவதில் இறுகும். அங்கே ஸ்பேனரைப் போட்டு அழுத்தினீர்களானால் பித்தளை கீறும், அல்லது பிளாக்கின் மரையே போகும். நான் மூன்றாவது சுற்றில் நிறுத்தினேன், நல்ல வேளை. இரண்டு மரைக்கும் நடுவில் மாட்டும் அடாப்டர் சில வெள்ளிதான்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். ஒற்றை ஒயர் சென்டர் தன் மரை வழியாகத்தான் எர்த் எடுக்கும். டெஃப்லான் டேப்பைப் பந்துபோலச் சுற்றினால் முள் கண்டபடி ஆடும், அதனால் திரவ சீலன்ட்டைக் கொஞ்சமாகத் தடவுங்கள். டீசல் இன்ஜின் அதிரும் அதிர்வில், டி இணைப்பின் நுனியில் தொங்கும் கனமான சென்டர் ஒரு நாள் ஒடிந்து விழும். அதைச் சேசிஸில் கிளாம்ப் போட்டு நிறுத்தி, நடுவில் ஆயில் ஹோஸ் விடுங்கள். ஆயிலையே குழாய் வழியாக டேஷ்போர்டுக்குக் கொண்டுவரும் மெக்கானிக்கல் மீட்டர்களும் உண்டு. அதை என் காலுக்கு மேலே வைத்துக்கொள்ள மனம் வரவில்லை. குழாய் விட்டால் கொதிக்கும் ஆயில்.

சென்டரும் மீட்டரும் ஒரே ஜோடியாக இருக்கட்டும். சில சென்டர்கள் அழுத்தம் கூடக் கூட 10-லிருந்து 180 ஓம் வரை ஏறும், சில 240-லிருந்து 33-க்கு இறங்கும். மாற்றி மாட்டினால் முள் தலைகீழாகப் பேசும்.

மீட்டரைப் பொருத்தும்போது ஒரு பழைய தந்திரம்: வட்டத்தைத் துளைக்குள் திருப்பி, வழக்கமான ஓட்டத்தில் முள் நேராக மேலே பார்க்கும்படி வையுங்கள். எழுத்து சாய்ந்து கிடக்கும், பரவாயில்லை. முள் சாய்ந்தால் கடைக்கண்ணே கண்டுபிடித்துவிடும். எண்ணைப் படிக்க வேண்டும், புரிந்துகொள்ள வேண்டும், பழைய எண்ணோடு ஒப்பிட வேண்டும். வளைவில் எதிரே காய்கறி லாரி வரும்போது அதற்கெல்லாம் நேரம் இல்லை. முன்கண்ணாடி ஓரத்து முன்கம்பத்தில் மாட்ட ஆசைப்படுபவர்கள், அங்கே காற்றுப்பை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எங்கள் வண்டியில் சூடான இன்ஜினுக்கு ஐட்லிங்கில் 1 பார், ஓட்டத்தில் 3.5 பார். அதுவும் கணக்கு நோட்டில் ஏறிவிட்டது.

படி 6: அலாரம் வையுங்கள், அடித்தால் என்ன செய்வது என்று முன்பே பேசிவையுங்கள்

டிஜிட்டலின் பெரிய வசதி எண் அல்ல, சத்தம். யாரும் பார்க்காதபோதும் அது பார்த்துக்கொண்டிருக்கும். நோட்டில் உள்ள உச்ச எண்ணோடு 4 அல்லது 5 கூட்டி முதல் அலாரம், இன்னொரு 5 கூட்டி இரண்டாவது. எங்களுக்கு 100, 105.

முதல் அலாரம் அடித்தால் ஏர்கானை அணைத்து, ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி, ஒரு கியர் குறையுங்கள். இன்ஜின் சுற்று கூடினால் தண்ணீர்ப் பம்பும் விசிறியும் வேகமாகச் சுற்றும். ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில் திறந்துவிடுங்கள், உள்ளே வெந்தாலும் இன்ஜின் கொஞ்சம் ஆறும். இரண்டாவது அடித்தால் ஓரம் கட்டி, அணைக்காமல் ஐட்லிங்கில் விடுங்கள். ஆவி வந்தாலோ, தண்ணீர் ஒழுகினாலோ, ஆயில் முள் சாய்ந்தாலோ அந்தக் கணமே அணைக்க வேண்டும். ரேடியேட்டர் மூடியை அரை மணி நேரத்துக்குத் தொடாதீர்கள். அது அழுத்தத்தில் இருக்கிறது, திறந்தால் மொத்தமும் முகத்துக்கு வரும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. கூலன்ட் கொட்டிப் போய்விட்டால் சென்சார் தண்ணீரில் இல்லாமல் காற்றில் நிற்கும், எண் ஏறாமல் இறங்கக்கூடும். சென்சார் அறுந்துபோனால் சில வண்டிகளின் கணினி 80 போன்ற ஒரு கற்பனை எண்ணை வைத்துக்கொண்டு ஓட்டும். எனவே ஏற்றத்தில் எண் திடீரென்று குறைந்தாலும், நிமிடக் கணக்கில் ஒரே எண்ணில் உறைந்து நின்றாலும் சந்தோஷப்படாதீர்கள். ஹீட்டரைத் திறந்து பாருங்கள். குளிர்காற்று வந்தால் தண்ணீர் இல்லை. ரேடியேட்டரில் நீர்மட்ட அலாரம் தனியாக மாட்டிக்கொள்வது இன்னும் நல்லது, எங்களுடையது அடுத்த சம்பளத்துக்குக் காத்திருக்கிறது.

கைபேசியைத் திரையாக வைப்பவர்களுக்கு: கண்ணாடியை ஒட்டி வெயிலில் வைத்தால் இன்ஜினுக்கு முன்னால் கைபேசி சூடாகி அணைந்துவிடும். ஏர்கான் காற்று வரும் துவாரத்தின் முன் தாங்கியில் மாட்டுங்கள். ஓட்டுபவர் கையில் பிடித்துப் பார்ப்பது சிங்கப்பூரிலும் குற்றம், மலேசியாவிலும் குற்றம்.

உள்ளே விளக்கும் குளிர்பெட்டியும் ஓடும் பேட்டரிக்கு இந்தச் சாக்கெட் உதவாது. அதற்கு ஷன்ட் (போய்வரும் மின்னோட்டத்தை அளக்க உதவும் சிறு தடை) வைத்த தனி மானிட்டர் வேண்டும். குறிப்பாக லித்தியம் பேட்டரியில் வோல்ட்டைப் பார்த்து மிச்சத்தை ஊகிக்க முடியாது, கடைசி வரை ஏறக்குறைய ஒரே வோல்ட்டைக் காட்டிக்கொண்டே இருந்துவிட்டுச் சட்டென்று நின்றுவிடும்.

விசிறிக் கிளட்ச் மாற்றிய அடுத்த மாதம் அதே தாப்பா சாலையில் ஏறினோம். மச்சான் ஓட்ட, நான் நோட்டோடு பக்கத்தில். லாத்தா இஸ்கந்தரில் 94, ரிங்லெட்டில் 95. டேஷ்போர்டு முள் வழக்கம்போல நடுவில். அதன் மேல் இப்போது மச்சான் ஒரு பிள்ளையார் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கிறார்.